கிரகண நிலாவில் தெரிந்த நீலக்கோடு: காற்றா, கண்ணா, கண்ணாடியா?

2025 செப்டம்பர் 7 இரவு நடந்த முழு சந்திர கிரகணத்தை மொட்டை மாடியிலிருந்து பைனாகுலர் வைத்துப் பார்த்துவிட்டு இந்தக் கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். நிழல் ஏறத் தொடங்கியபோது கன்னங்கரேலென்று இருந்தது. முக்கால்வாசி மறைந்த பிறகு சிவப்பு எங்கிருந்து வந்தது? வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவே சில நிமிடங்கள் நீலமாக ஒரு கோடு தெரிந்ததே, அது நிஜமா? தட்டுபோல இருந்த நிலா ஏன் திடீரென்று உருண்டையாகத் தெரிந்தது? கண்ணுக்கு மங்கலான செம்பழுப்பாக இருந்தது போனில் எப்படி அவ்வளவு சிவப்பாக விழுந்தது? படத்தில் நிலாவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் பச்சைப் புள்ளி என்ன?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீலக்கோடு நிஜம், அது பூமியின் காற்றில் நடப்பது. கறுப்பு நிழல் உங்கள் கண்ணில் நடப்பது. உருண்டைத் தோற்றத்தில் பெரும்பங்கு மூளைக்கு. பச்சைப் புள்ளி போன் லென்ஸுக்குள் பிறந்தது. போனில் வந்த கூடுதல் சிவப்புக்குக் கண்ணும் காரணம், போனும் காரணம். கிரகணம் பார்ப்பவர்கள் சொல்லும் விநோதம் எதை எடுத்தாலும், இது காற்றில் நடக்கிறதா, கண்ணிலா, கண்ணாடியிலா என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மாடியில் நின்றபடியே செய்து பார்க்கக்கூடிய சின்னச் சின்னச் சோதனைகள் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

பூமியின் கருநிழல், அதாவது சூரிய ஒளி நேராக எட்டாத பகுதி, சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் நீளத்துக்குக் கூம்பு வடிவில் நீண்டு கிடக்கிறது. நிலா இருப்பது சராசரியாக 3.84 லட்சம் கிலோமீட்டரில். அந்தத் தூரத்தில் நிழலின் அகலம் நிலாவின் விட்டத்தைப்போல இரண்டரை மடங்குக்கும் சற்று அதிகம். பூமிக்குக் காற்றே இல்லையென்றால் அதற்குள் நுழையும் நிலா அடியோடு காணாமல் போயிருக்கும். காற்று இருப்பதால், பூமியின் விளிம்பை உரசிக்கொண்டு போகும் சூரிய ஒளி உள்நோக்கி வளைகிறது. தரையை ஒட்டிப் போகும் கதிர் மொத்தம் ஒரு டிகிரிக்கும் சற்று அதிகமாக வளைந்துவிடும். நிலாவிலிருந்து பார்த்தால் பூமியின் ஆரம் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் வளைந்த ஒளி நிழலின் நடுமையம் வரைக்கும் எட்டிவிடுகிறது. அந்த நேரத்தில் நிலாவில் ஒருவர் நின்றிருந்தால் அவருக்கு அது சூரிய கிரகணம். இருண்ட பூமியைச் சுற்றி மெல்லிய செந்நிற வளையம் ஒன்றைப் பார்ப்பார். அப்போது பூமியில் நடந்துகொண்டிருக்கும் எல்லாச் சூரிய உதயங்களும் அஸ்தமனங்களும் சேர்ந்த வளையம் அது.

இது பலருக்கும் தெரிந்த கதைதான். அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு: இந்த ஒளி நிழலுக்குள் அடுக்கடுக்காகப் பிரிந்து விழுகிறது. காற்று கீழே அடர்த்தி, மேலே மெலிது. கீழே போகும் கதிர் அதிகமாக வளைந்து நிழலின் நடுப்பகுதிக்குப் போகிறது. மேலே போகும் கதிர் கொஞ்சமாக வளைந்து நிழலின் ஓரத்திலேயே விழுகிறது. கீழ்க்காற்றைக் கடந்த ஒளியில் நீலமும் பச்சையும் வழியிலேயே சிதறிப் போயிருக்கும், மிஞ்சுவது சிவப்பு. அதனால் நிழலின் நடுவில் அடர்சிவப்பு, வெளியே வர வர செம்மஞ்சள், ஓரத்தில் இன்னொரு நிறம் என்று வரிசையாக அமைகிறது. நிலா அந்த வரிசையைக் கடந்துபோகும் ஒரு திரை. நிலாவில் தெரியும் நிறங்களைப் பார்த்தே பூமியின் எந்த உயரத்துக் காற்று வழியாக அந்த ஒளி வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். வேறு எந்த இரவிலும் பூமியின் காற்றை இப்படி வெட்டிப் பார்க்க முடியாது.

நிறத்தோடு வெளிச்சமும் குறைகிறது. அதற்குக் காற்று ஒளியை விழுங்குவது மட்டும் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். கீழ்க்கதிரும் மேல்கதிரும் வெவ்வேறு அளவில் வளைவதால் ஒளிக்கற்றை விசிறிபோல விரிந்துவிடுகிறது. அந்த விரிவே பெரிய அளவுக்கு மங்கவைத்துவிடும்.

இப்போது நீலக்கோட்டுக்கு வருகிறேன். நிழலின் ஓரத்தில் விழும் ஒளி, 20 முதல் 30 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் நிறைந்த அடுக்கைக் கிட்டத்தட்டக் கிடையாகக் கடந்து வருவது. நம் தலைக்கு மேல் இருக்கும் ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்துக்குத் திரட்டினால் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன்தான் தேறும். நேராக மேலிருந்து வரும் வெயிலில் அது ஏற்படுத்தும் நிறமாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பக்கவாட்டில் நுழையும் கதிர் அந்த அடுக்குக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கிறது. ஓசோன் புற ஊதாக் கதிரைத் தடுப்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பகுதியை அது கொஞ்சம் விழுங்கும். 19-ஆம் நூற்றாண்டில் இதைக் கண்டறிந்த பிரெஞ்சு வேதியியலாளர் ஷாப்பி பெயரால் அதை ஷாப்பி பட்டை என்கிறார்கள். ஆரஞ்சு போய்விட்டால் மிஞ்சுவது நீலமும் நீலப்பச்சையும். அந்த உயரத்தில் காற்றும் தூசியும் குறைவு என்பதால் நீலம் சிதறி வீணாவதும் குறைவு. கருநிழலின் விளிம்பில் மெல்லிய நீலப் பட்டை இப்படித்தான் வருகிறது. கிரகண நிலாவின் வெளிச்சத்தைப் பல காலமாக ஆராய்ந்துவரும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கீன், இந்த விளிம்பை முழு மறைப்பின் முதல் சில நிமிடங்களிலும் கடைசிச் சில நிமிடங்களிலும் பைனாகுலரில் தேடச் சொல்கிறார். நீங்கள் பார்த்ததும் அந்த நேரத்தில்தான்.

இதே ஓசோன் நிறத்தைக் கிரகணம் இல்லாத நாளிலும் பார்க்கலாம். சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழித்துத் தலைக்கு நேர்மேலே பாருங்கள். ஆழ்ந்த நீலமாக இருக்கும். சூரியன் கீழே போனபின் உச்சி வானம் மஞ்சளோ சாம்பலோ ஆகாமல் நீலமாகவே இருப்பதற்கு முக்கியக் காரணம் ஓசோன் என்று 1953-இல் ஹல்பர்ட் என்ற இயற்பியலாளர் கணக்கிட்டுக் காட்டினார்.

சரி, நீங்கள் பார்த்தது அந்த ஓசோன் நீலம்தானா? சந்தேகப்பட நியாயம் இருக்கிறது, ஏனென்றால் போலி நீலங்கள் மூன்று உண்டு. விலை குறைந்த பைனாகுலர்களில் வெளிச்சமான பொருளின் ஓரத்தில் ஊதா அல்லது நீலச் சாயல் தானாகவே வரும். இதைச் சோதிப்பது எளிது. நிலாவைக் காட்சியின் நடுவில் வைத்துப் பாருங்கள், பிறகு ஓரத்துக்கு நகர்த்திப் பாருங்கள். லென்ஸ் தரும் நீலம் இடத்துக்கு இடம் கூடும், குறையும், பக்கம் மாறும். அது நிலாவின் வெளி விளிம்பில் வானத்தை ஒட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். ஓசோன் நீலம் நிலாவின் முகத்துக்கு உள்ளே, நிழலின் வளைவை ஒட்டிப் பட்டையாகக் கிடக்கும். பைனாகுலரை எப்படி ஆட்டினாலும் இடம் மாறாது. இரண்டாவது போலி, அடிவானத்துக்கு அருகில் வருவது. தாழ்ந்த நிலாவின் மேல் விளிம்பில் நீலப்பச்சையும் கீழ் விளிம்பில் சிவப்பும் காற்றினாலேயே பிரிந்து தெரியும். செப்டம்பர் 7 அன்று முழு மறைப்பு தொடங்கிய இரவு 11 மணிக்கு நம் ஊர்களில் நிலா நன்றாக மேலே ஏறிவிட்டது. அதனால் இந்தச் சந்தேகம் உங்களுக்கு வேண்டாம். மூன்றாவது, கண்ணின் ஒப்பீடு. பெரிய சிவப்புப் பரப்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கீற்றை வைத்தால் கண் அந்த வெள்ளையைக் கொஞ்சம் நீலமாகக் காட்டும். நிஜ நீலத்தின் மேல் இதுவும் கொஞ்சம் ஏறியிருக்கும். இரண்டையும் கண்ணால் பிரிப்பது கஷ்டம். ஆனால் சரியான வெளிச்ச அளவில் எடுத்த படங்களிலும் நீலம் விழுவதால் வெறும் ஒப்பீட்டு மயக்கம் இல்லை என்பது உறுதி.

அடுத்து, கறுப்பு திடீரென்று சிவப்பான கதை. உண்மையில் திடீர் மாற்றம் எதுவும் நடக்கவில்லை. நிழலுக்குள் முதல் துண்டு நுழைந்த கணத்திலிருந்தே அந்தத் துண்டு சிவப்புதான். பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதி அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பிரகாசம். எதிரே ஹை பீம் போட்டுக்கொண்டு வரும் லாரிக்குப் பக்கத்தில் நடந்து வரும் ஆள் நம் கண்ணுக்குத் தெரியாத மாதிரிதான் இதுவும். வெள்ளைப் பகுதியின் ஒளி விழிக்குள் நுழையும்போது கருவிழியிலும் கண்வில்லையிலும் கொஞ்சம் சிதறி, விழித்திரை முழுவதும் மெல்லிய வெண்பூச்சாகப் படிகிறது. மங்கலான சிவப்பு அந்தப் பூச்சில் அமுங்கிவிடும். வயது ஏற ஏற இந்தச் சிதறல் கூடும். அதனால் ஒரே மாடியில் நிற்கும் பேரனுக்குச் சிவப்பு முதலிலும் தாத்தாவுக்குப் பத்து நிமிடம் கழித்தும் தெரிந்தால் இருவரும் சொல்வது உண்மையே.

இதற்கான சோதனையை எல்லோருமே செய்து பார்க்க வேண்டும். பாதி நிலா நிழலுக்குள் போன சமயத்தில், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்போ கைப்பிடிச் சுவரோ நிலாவின் வெள்ளைப் பகுதியை மட்டும் மறைக்கும்படி நகர்ந்து நில்லுங்கள். விளிம்பு பத்து மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்துச் சுவர் மங்கிய விளிம்பாகத் தெரியும், வேலைக்காகாது. நிலா தன் அகலத்தை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும் என்பதால் நீங்களும் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். வெள்ளை மறைந்த சில விநாடிகளில், அதுவரை வெறும் கறுப்பாக இருந்த பகுதியில் செம்பழுப்பு ஊறி வரும், நிலாவின் கறைகள்கூடத் தெரியும். தலையைக் கொஞ்சம் நகர்த்தி வெள்ளையை மறுபடி வெளியே விட்டால் உடனே கறுப்பு திரும்பிவிடும். முதல் முறை பார்ப்பவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள்.

முழு மறைப்பு வந்ததும் இன்னொரு கண் விளையாட்டு ஆரம்பிக்கிறது. நம் விழித்திரையில் நிறம் காட்டும் கூம்பு செல்களும், மங்கிய ஒளிக்கான குச்சி செல்களும் இருக்கின்றன. குச்சி செல்களுக்குச் சிவப்பு கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. வெளிச்சம் குறையக் குறையச் சிவப்பு பொருள்கள் முதலில் கறுத்துப் போவதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புர்கின்யே என்ற செக் உடலியலாளர் கவனித்தார். கிரகண நிலா இந்த இரண்டு வகைச் செல்களும் பாதிப்பாதியாக வேலை செய்யும் வெளிச்ச எல்லையில் வந்து நிற்கிறது. விழித்திரையின் நடுமையத்தில் குச்சி செல்கள் இல்லை. நிலாவின் பிம்பம் அந்தச் சின்ன இடத்துக்குள் அடங்கிவிடும். அதனால் நிலா மிகவும் இருண்டுபோகும் கிரகணங்களில் நேராக உற்றுப் பார்த்தால் மங்கலான சிவப்பாகவும், பக்கத்து நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு ஓரக்கண்ணால் கவனித்தால் கொஞ்சம் வெளிச்சம் கூடிய சாம்பல் உருண்டையாகவும் தெரியும். பைனாகுலர் வைத்தால் சிவப்பு கூடினாற்போல இருப்பதற்குக் காரணம், பரப்பின் பிரகாசம் கூடுவது அல்ல, அது கூடாது. பிம்பம் பெரிதாக விரிவதால் நிறத்தைப் பிடிக்கக் கண்ணுக்கு அதிக இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

2018 ஜூலை 27 இரவு தொடங்கிய கிரகணத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு பக்கத்திலேயே காட்சியாக இருந்தது. இந்த நூற்றாண்டின் மிக நீண்ட முழு மறைப்பு அது, 1 மணி 43 நிமிடம். அன்று செவ்வாயும் சூரியனுக்கு நேர் எதிரே, நிலாவுக்கு அருகில் இருந்தது. செவ்வாயின் ஒளி ஒரே புள்ளியில் குவிவதால் கூம்பு செல்கள் நன்றாக விழித்துக்கொள்ள, அது பளிச்சென்று செம்மஞ்சளாகத் தெரிந்தது. நிலாவின் சிவப்பு ஒளியோ ஒரு பரப்பாகப் பரவியிருந்ததால் மங்கிய பழுப்பாகத் தோன்றியது.

போனுக்கோ குச்சி செல், கூம்பு செல் கிடையாது. இரவுப் பயன்முறையில் சில விநாடி திறந்துவைத்து ஒளியைச் சேர்க்கும்போது சிவப்பு சேர்ந்துகொண்டே போகும். கண்ணைப்போல அதைச் சாம்பலாக்காது. அதன்மேல் மென்பொருள் நிறத்தைக் கொஞ்சம் தூக்கியும் விடும். படத்தில் இருக்கும் சிவப்பு பொய்யில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிந்ததும் பொய்யில்லை. கிரகணத்தின் நிறத்தைக் குறித்து வைக்க விரும்பினால் போன் படத்தை நம்பாமல் வெறுங்கண்ணால் பார்த்ததை எழுதி வையுங்கள்.

உருண்டைத் தோற்றத்துக்கு வருவோம். முழுநிலா சாதாரணமாகத் தட்டையாகத் தெரிவதே ஒரு விநோதம். ஒரு பந்தின் மேல் நேர்முகமாக வெளிச்சம் அடித்தால் ஓரங்கள் கொஞ்சம் மங்க வேண்டும். நிலாவின் மேல்மண் சொரசொரப்பானது. வந்த திசைக்கே ஒளியைத் திருப்பி அனுப்பும் குணம் உள்ளது. அதனால் பௌர்ணமியில் நடுவும் ஓரமும் ஏறத்தாழ ஒரே பிரகாசம். மூளைக்கு அது தட்டு. கிரகணத்தின்போது பூமியின் நிழல் நிலாவின் முகத்தில் ஒரு பக்கம் அடர்த்தியாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் விழுகிறது. வெளிச்சம் படிப்படியாகக் குறையும் பரப்பைப் பார்த்தால் மூளை அதை வளைவாகப் படித்துக்கொள்ளும். ஓவியர்கள் பழத்தை உருண்டையாகத் தீட்டுவது இந்தப் பழக்கத்தை வைத்துத்தான். கண்ணைக் கூசவைக்கும் பிரகாசமும் போய், சுற்றிலும் நட்சத்திரங்களும் தெரியத் தொடங்கியதும் நிலா அந்தரத்தில் தொங்குவது போலவே இருக்கும். நிலா உருண்டை என்பது உண்மை. ஆனால் நீங்கள் பார்த்த அந்தச் சாயல் நிலாவின் வளைவினால் வந்தது இல்லை. பூமி நிழலின் அடர்த்தி வித்தியாசம் அது. அரைமணி கழித்துப் பார்த்தால் இருண்ட பக்கம் இடம் மாறியிருக்கும். நிஜமான வளைவினால் வந்த சாயலாக இருந்தால் அப்படி நகராது.

பகுதி மறைப்பின்போது வெள்ளைப் பிறை பெரிய வட்டத்தின் துண்டுபோலவும் இருண்ட பகுதி சிறிய வட்டம்போலவும் தெரிந்திருக்கும். வெளிச்சமான பொருளைக் கண் கொஞ்சம் பெரிதாகக் காட்டுவதால் வருவது இது. மூன்றாம் பிறையில் இருண்ட பாகம் மங்கலாகத் தெரியும்போதும் இதே காட்சியைக் காணலாம்.

நிழலின் விளிம்பு ஏன் இவ்வளவு மங்கல் என்பதும் நல்ல கேள்வி. சூரியன் புள்ளியாக இல்லாமல் அரை டிகிரி அகல வட்டமாக இருப்பதால் கருநிழலைச் சுற்றி, சூரியனின் ஒரு பாகம் மட்டும் மறையும் புறநிழல் உண்டு. கருநிழல் தொடுவதற்குக் கால்மணி நேரம் முன்பே நிலாவின் ஒரு பக்கம் புகை படிந்தாற்போல ஆவது அதனால்தான். அது போக, கருநிழலே வெறும் வடிவக்கணக்கு சொல்வதைவிடச் சுமார் 2 சதவீதம் பெரிதாகத் தெரிகிறது. நிலாவின் பள்ளங்களை நிழல் கடக்கும் நேரங்களை 1842 முதல் 2011 வரை பதிவுசெய்தவர்களின் 22,000-க்கும் மேற்பட்ட அளவீடுகளைத் திரட்டி ஹெரால்ட், சின்னட் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். பூமி சுமார் 87 கிலோமீட்டர் உயரத்துக்குக் கூடுதலாகப் பருத்திருப்பதுபோல நிழல் விழுகிறது என்று தெரிந்தது. அவ்வளவு உயரத்தில் காற்று அநேகமாக இல்லை. மங்கிய சரிவில் எல்லைக்கோடு எங்கே என்று கண் தீர்மானிக்கும் விதமும் இதில் கலந்திருக்கிறது.

இந்த மங்கிய விளிம்பை மனதில் வைத்துக்கொண்டு ஒரு பழைய கணக்கைப் பார்த்தால் வியப்பு கூடும். வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்துபோகும் வெள்ளிக் கடப்பைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டீல், சோழிகளை அடுக்கி மனப்பாட வாக்கியங்களைக் கொண்டு கிரகணம் கணிக்கும் ஒரு தமிழரிடம் அந்த முறையைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவுக்கு அந்த முறை தந்த விடை 41 விநாடி குறைவு. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான தோபியாஸ் மாயருடையது 68 விநாடி அதிகம். நிழலின் விளிம்பு நிலாவைத் தொட்ட கணம் எது என்பதில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவரே இதற்கு நிகரான அளவு வேறுபடலாம். அப்படியானால் அந்தச் சோழிக் கணக்கு கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய நுட்பத்தின் எல்லையைத் தொட்டிருக்கிறது.

ஒரு கிரகணம் போல இன்னொன்று இருப்பதில்லை. பூமியின் விளிம்பில் அன்று மேகம் எவ்வளவு, மேல்காற்றில் எரிமலைத் தூசி எவ்வளவு என்பதைப் பொறுத்து நிலாவின் நிறம் மாறும். முழுநிலாவைவிடப் பத்தாயிரம் மடங்கு மங்குவதும் உண்டு, பத்து லட்சம் மடங்கு மங்குவதும் உண்டு. பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே தான்ஜோன் 1921-இல் இதற்கு 0 முதல் 4 வரை ஒரு அளவுகோல் வகுத்தார். 0 என்றால் நிலா கிட்டத்தட்டத் தெரியாது. 1 சாம்பல் பழுப்பு, 2 துருச்சிவப்பு, 3 செங்கல் நிறம், 4 பளிச்சென்ற செம்பு. 1883-இல் கிரகட்டோவா எரிமலை வெடித்த பின் வந்த 1884 அக்டோபர் கிரகணமும், 1963-இல் பாலியின் ஆகுங் வெடித்த பின் அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று வந்ததும், 1991-இல் பினடூபோ வெடித்த பின் 1992 டிசம்பரில் வந்ததும் மிகவும் இருண்டவை. வெகுகாலம் முன்பு 1229 டிசம்பர் 2 அன்று ஜப்பானியக் கவிஞர் ஃபுஜிவாரா நோ தெய்கா, நிலா இருந்த இடமே தெரியவில்லை, முதியவர்களே இப்படிக் கண்டதில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். இதுபோன்ற பழைய குறிப்புகளைக் கொண்டு இன்றைய ஆய்வாளர்கள் இடைக்கால எரிமலை வெடிப்புகளின் காலத்தைக் கணிக்கிறார்கள். ஆகவே வெறுங்கண்ணால் பார்த்து எழுதும் ஒரு வரிக் குறிப்பை அற்பமாக நினைக்காதீர்கள்.

நிலா உதிக்கும்போதே கிரகணம் பிடித்திருந்தால் விநோதங்கள் இன்னும் கூடும். சூரியன், பூமி, நிலா மூன்றும் நேர்கோட்டில் இருக்கும்போது சூரியனையும் கிரகண நிலாவையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியக்கூடாது. ஆனால் அடிவானத்தில் காற்று இரண்டையும் அரை டிகிரிக்கும் மேல் தூக்கிக் காட்டுவதால், சில நிமிடங்களுக்கு மேற்கில் சூரியனும் கிழக்கில் கிரகண நிலாவும் சேர்ந்தே தெரியலாம். ரோமானியரான பிளினி காலத்திலேயே இது பதிவாகியிருக்கிறது. கன்னியாகுமரியில் சித்ரா பௌர்ணமி மாலையில் கூட்டம் கூடிப் பார்க்கும் சூரிய அஸ்தமன, சந்திரோதயக் காட்சியோடு கிரகணமும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. 2018 ஜனவரி 31 மாலை சென்னையில் நிலா உதித்துச் சற்று நேரத்தில், 6:21 மணிக்கு முழு மறைப்பு தொடங்கியது. அந்தி வெளிச்சமும் கடல்மேல் புகைமூட்டமும் இருக்கையில், அவ்வளவு தாழ்வில் இருக்கும் முழு மறைப்பு நிலாவைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. வானம் நன்றாக இருட்டும் வரை அது எங்கே என்றுகூடச் சொல்ல முடியாது.

மெல்லிய மேகம் இருந்தால் நிலாவைச் சுற்றி வட்டம் விழும். கோட்டை கட்டியிருக்கிறது என்போம். கிரகணம் ஏற ஏற அந்த வட்டம் மங்கி, முழு மறைப்பில் காணாமல் போகும். அப்படியே உங்கள் நிழலையும் மாடித் தரையில் கவனியுங்கள். பௌர்ணமியில் கூர்மையாக விழும் நிழல் கரைந்து, முழு மறைப்பில் இல்லாமலே போகும். ஊர் விளக்குகள் குறைந்த இடமாக இருந்தால் அந்த நேரத்தில் பால்வீதியே தெரியும்.

பச்சைப் புள்ளி பற்றி ஒரு வார்த்தை. போன் லென்ஸின் கண்ணாடிப் பரப்புகளுக்கு இடையே ஒளி முன்னும் பின்னும் பட்டுத் திரும்பி இரண்டாவது பிம்பம் ஒன்றை உருவாக்குகிறது. அது படத்தின் நடுப்புள்ளிக்கு மறுபக்கம், நிலா இருக்கும் அதே தூரத்தில் நிற்கும். போனை இடப்பக்கம் ஆட்டினால் நிலா ஒரு திசையிலும் அது எதிர்த்திசையிலும் ஓடும். இதில் ரசிக்கும்படியான விஷயம், நிலாவின் நேர்ப் பிம்பம் வெளிச்சம் மிகுந்து வெறும் வெள்ளைக் குமிழாக விழுந்திருக்கும்போது, மங்கலான அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தால் கிரகணப் பிறையின் சரியான வடிவம் தலைகீழாக இருக்கும். உங்கள் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.

கண், காற்று, கண்ணாடி மூன்றிலும் சேராத ஒன்றும் உண்டு. 2019 ஜனவரி 21 கிரகணத்தில், முழு மறைப்பு தொடங்கிய சமயத்தில், நிலாவின் விளிம்பருகே ஒரு வெண்பொறி மின்னி மறைந்தது. கால் விநாடிக்குச் சற்று அதிகம்தான். நேரலை பார்த்த பலர் அதைக் கேமராவின் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். வெவ்வேறு ஊர்களில் எடுத்த வீடியோக்களில் ஒரே விநாடியில், நிலாவின் ஒரே இடத்தில் அது பதிவாகியிருந்ததால் சந்தேகம் தீர்ந்தது. மணிக்கு 61,000 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விண்கல் நிலாவில் மோதி, 10 முதல் 15 மீட்டர் அகலப் பள்ளத்தை உண்டாக்கியது என்று ஸ்பெயினின் மதியேதோவும் அவரது குழுவினரும் கணக்கிட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்த விநோதம் நிஜமா என்று தீர்மானிக்க இதைவிட நல்ல சோதனை இல்லை: தொலைவில் நிற்கும் இன்னொருவருக்கும் அதே கணத்தில் அதே இடத்தில் தெரிந்ததா?

இவற்றையெல்லாம் வசதியாகச் சோதித்துப் பார்க்க நமக்கு நல்ல வாய்ப்பு 2028 டிசம்பர் 31 இரவு. முழு மறைப்பு 9:45 மணியை ஒட்டித் தொடங்கி சுமார் 71 நிமிடம் நீடிக்கும். கிழக்கு வானில் நிலா நன்றாக ஏறியிருக்கும். 9 மணிக்குள் மாடிக்குப் போய்விடுங்கள். வெள்ளையை மறைக்க ஒரு தொட்டி விளிம்பை முதலிலேயே பார்த்து வையுங்கள். கண் இருட்டுக்குப் பழக அரைமணி வேண்டும் என்பதால் போன் திரையை அதற்குள் அணைத்துவிடுங்கள். முழு மறைப்பின் முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் பைனாகுலரை எடுத்து நீலப் பட்டையைத் தேடுங்கள். மறைப்பின் நடுநேரத்தில், 10:20 மணி வாக்கில், பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்து தான்ஜோன் அளவில் ஒரு எண்ணை எழுதுங்கள். பக்கத்தில் நிற்பவரும் உங்களைக் கேட்காமல் தனியாக ஒரு எண் எழுதட்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.